பழுக்காத விரல்

மீன் சந்தையில் செதிலக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. மீன் விற்கிறவர்கள் முன்பக்கம். வாங்கிய மீனைச் சுத்தம் செய்து துண்டு போட்டுக் கொடுக்கிற பெண்கள் பின்பக்கம், தண்ணீர்க் குழாய்களை ஒட்டி ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு மரக்கட்டை, ஒரு கத்தி, ஒரு வாளி. செதிலக்கா மீனைச் சுரண்டினால் செதில் பொரி மாதிரி தெறிக்கும். புருவத்தில் ஒன்று ஒட்டியிருக்கும், காதோரம் ஒன்று. வீட்டுக்குப் போனால் தலையணையில் ஒன்று மின்னும்.

"உன்னைக் கட்டிக்கிட்டதுல எனக்கு வெள்ளிக்குப் பஞ்சமே இல்லை" என்பார் அவள் கணவர். அதே சந்தைக்கு வண்டியில் ஐஸ் கட்டி தள்ளிக்கொண்டு வருகிறவர். ஊருக்கு அவர் ஐஸ்காரர். ஐஸ்காரர் என்பதாலோ என்னவோ, பெண்டாட்டிக்கு ஐஸ் வைப்பதிலும் குறை வைத்ததில்லை.

அந்த வரிசையில் கை கிழியாத நாள் அபூர்வம். முள் குத்தும், துடுப்பு கீறும், கத்தியே ஒருநாள் திரும்பிக் கடிக்கும். அதற்கென்று அவர்களுக்குள் ஒரு விசாரிப்பு உண்டு. குத்திய அன்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மறுநாள் காலை கட்டையைக் கழுவும்போதுதான் கேட்பார்கள்: "பழுத்துச்சா?"

பழுத்தது என்றால் விரல் சிவந்து, சூடேறி, வீங்கி, உள்ளே சீழ் கட்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டு நாள் கத்தி பிடிக்க முடியாது. பழுக்கவில்லை என்றால், "உனக்கு நல்ல ரத்தம்டி, கொடுத்து வச்சவ" என்று பாராட்டு கிடைக்கும். செதிலக்காவுக்கு அந்தப் பாராட்டு அதிகம் வாய்த்ததில்லை. அவள் விரல் சட்டென்று பழுத்துவிடும். விண்விண்ணென்று தெறிக்கும், மஞ்சளாக முனை விடும், உடையும், ஆறும். சீழ் என்றாலே அவளுக்கு முகம் சுளிக்கும். முள்ளோடு போன அழுக்கு உள்ளே தங்கி அழுகிவிடுகிறது, அதுதான் சீழ் என்பது அவள் கணிப்பு. "சனியன்" என்று திட்டிக்கொண்டே பிதுக்கித் துணியில் துடைத்து எறிவாள். அப்படி எத்தனை தடவை எறிந்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்த வருஷம் அவளுக்கு வேறொரு தொல்லை வந்து சேர்ந்தது. கை நடுங்கியது. ஐஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வியர்த்தது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு, ஓடி வந்தவள் நெஞ்சைப் போல அடித்துக்கொண்டது. வயிறு நிறையத் தின்றும் உடம்பு இளைத்து, ரவிக்கை தோளில் தொங்கியது. நடுங்குகிற கையோடு கத்தி பிடிப்பது தற்கொலைக்குச் சமம். ஒருநாள் மீனோடு சேர்த்துக் கட்டையின் ஓரத்தையும் துண்டு போட்டாள். பக்கத்துக் கட்டைக்காரி அந்த மரத்துண்டை எடுத்துக் காட்டி, "இது என்ன மீன்க்கா, முள்ளே இல்லாம இருக்கு?" என்றாள். வரிசையே சிரித்தது. செதிலக்காவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள்.

ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனது மருமகள். மகன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் அவனுக்குக் குடித்தனம். ஆகவே வீட்டில் எதற்கும் முன்னால் நிற்பவள் மருமகள்தான். அவளுக்கு மாமியார் வைத்திருந்த பெயர் சைரன். காரணம் இருந்தது. குழாய் சொட்டினால் கத்துவாள். அடுப்பில் ஏதோ வாசனை என்று கத்துவாள். தெருவில் புதிதாக ஒரு ஆள் இரண்டு முறை நடந்தால் ஜன்னலில் நின்று, "யாரு? யார் வேணும்?" என்று அக்கம்பக்கத்தையே கூட்டிவிடுவாள். பத்தில் ஒன்பது வீண் கூச்சல். "ஏண்டி, கொஞ்சம் விசாரிச்சுட்டுத்தான் கத்தேன்" என்பாள் செதிலக்கா. "விசாரிக்கிறதுக்குள்ள வீடு எரிஞ்சு போயிடும் அத்தை" என்பாள் அவள்.

கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார். மாத்திரை கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றைச் சொன்னார்: "தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தா, அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டு இங்க வந்துடணும். நாளைக்குப் பார்ப்போம்னு இருக்கக் கூடாது." மருமகள் தலையாட்டினாள். செதிலக்கா காதில் அது விழுந்து, மறு காது வழியாக வெளியே போய்விட்டது. மழைக்காலத்தில் நனையாதீர்கள் என்று சொல்வதைப் போல, டாக்டர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சு என்று நினைத்தாள்.

மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. சில வாரங்களில் நடுக்கம் அடங்கியது. நெஞ்சு தன் இடத்தில் அமர்ந்தது. கை மறுபடி அவளுடைய கையாக ஆனது. காலையில் மாத்திரையை விழுங்கும்போது அந்தச் சின்ன வில்லையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது. கெளுத்தி மீனுக்குச் செதில் கிடையாது; ஆனால் முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் உண்டு, ஒவ்வொன்றும் ரம்பம். வெட்டுகிறவர்கள் முதலில் அந்த மூன்றையும் தறித்துவிட்டுத்தான் மீனைத் தொடுவார்கள். அன்று செதிலக்கா, "பாருடி, என் கை எப்படி நிக்குதுன்னு" என்று பக்கத்துக் கட்டைக்காரியைப் பார்த்துக்கொண்டே கெளுத்தியைத் தூக்கினாள். இரண்டு முள்ளைத்தான் தறித்திருந்தாள். மூன்றாவது, இடது ஆள்காட்டி விரலின் நுனியில் ஆழமாக இறங்கியது. கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு. உயிர் போகிற வலி. அன்று முழுவதும் கையை உதறிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வலி இறங்கிவிட்டது. குத்திய இடத்தில் ஒரு புள்ளி; சுற்றிலும் சிவப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

"பழுத்துச்சாக்கா?"

"இல்லையே!"

"கெளுத்தி குத்தியா? காட்டு பார்க்கலாம்." பக்கத்துக் கட்டைக்காரி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட, குழந்தை விரல் மாதிரி இருக்கு! என்னக்கா தின்னுறே?"

"மாத்திரைடி. நடுக்கத்துக்குக் கொடுத்தது. ரத்தத்தையே சுத்தம் பண்ணிடுச்சு போல."

வரிசை முழுக்க அந்த விரல் ஊர்வலம் போய் வந்தது. ஐந்தாறு பேர் அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு மறுநாளும் பழுக்கவில்லை. புள்ளி மட்டும் கொஞ்சம் கருத்து, சுற்றிலும் தோல் சற்று மங்கி, உள்ளே ஒரு மந்தமான நோவு இருந்தது. கெட்டது எதையும் அது காட்டவில்லை. செதிலக்கா சந்தோஷமாக வேலை செய்தாள்.

பிறகு தொண்டை வலித்தது. எச்சில் விழுங்கினால் முள் சிக்கிய மாதிரி. சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஐஸ் பக்கத்துல உட்கார்ந்தா தொண்டை கட்டத்தான் செய்யும்" என்றார் ஐஸ்காரர், குற்றவாளி மாதிரி. "உப்புத் தண்ணியில கொப்பளி."

மருமகள் நெற்றியில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கும் முன்பே கத்தத் தொடங்கினாள்.

"தொண்டை வலி, காய்ச்சல்! டாக்டர் சொன்னது இதுதானே! கிளம்புங்க அத்தை!"

"ஆரம்பிச்சுட்டா. என்ன வியாதின்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம எதுக்குடி கத்துற?"

"தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் கத்தணும்ல! மாமா, ஆட்டோவைக் கூப்பிடுங்க. நீங்க நின்னு பார்த்துக்கிட்டிருந்தா நானே தூக்கிட்டுப் போயிடுவேன்."

ஐஸ்காரர் மனைவியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் அடி நிச்சயம் என்று தெரிந்த மனிதர், சத்தம் அதிகமாக இருந்த பக்கம் போனார்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் தொண்டையைப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பிறகு விரலைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கெளுத்தி குத்திடுச்சு டாக்டர். அது ஒண்ணுமில்ல. பழுக்கவே இல்லை" என்றாள் செதிலக்கா, கொஞ்சம் பெருமையோடு.

டாக்டரின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். "பழுக்கவே இல்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சந்தையில் கேட்கிற அதே வார்த்தைதான். ஆனால் மரணச் செய்தியை உறுதி செய்துகொள்கிறவரைப் போலக் கேட்டார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள்ளேயே மாத்திரையை நிறுத்தி, ஊசி வழியாக மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். முடிவு வந்ததும் அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கண்ணாடி வைத்த கதவு. உள்ளே வருகிறவர்கள் முகத்தை மூடி, கையைக் கழுவிக்கொண்டுதான் வர வேண்டும். ஐஸ்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்றார். வேலை இல்லாத அவர் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பையில் போய் ஒளிந்துகொண்டன.

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தார். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். சுற்றி வளைத்துத்தான் தொடங்கினார்.

"மீன் கெட்டுப்போச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். கண்ணைப் பார்ப்பேன். விரலால அழுத்திப் பார்ப்பேன்."

"எந்தப் படகுல வந்துச்சு, என்னிக்குப் பிடிச்சதுன்னு கேட்க மாட்டீங்களா?"

"கேட்டா மட்டும் நிஜத்தைச் சொல்லிடுவாங்களாக்கும்!"

டாக்டர் சிரித்தார். "உங்க தோலுக்கு அடியிலயும் அப்படிப் பார்க்கிற ஆளுங்க இருக்காங்க."

அவர் சொன்னதைச் செதிலக்கா தன் மனசுக்குள் இப்படி அடுக்கிக்கொண்டாள். தோலுக்குக் கீழே சில அணுக்கள் இடத்தை விட்டு அதிகம் நகராமல் காவல் இருக்கின்றன. கிருமிகளில் ஆயிரம் சாதி உண்டு. ஒவ்வொன்றின் பெயரும் இவற்றுக்குத் தெரியாது. ஆனால் கிருமிகளின் மேலுறையில் சில பொருள்கள் இருக்கும். மனித உடம்பு அவற்றைச் செய்வதே இல்லை. காவல் அணுக்கள் தடவிப் பார்க்கும். அந்த அடையாளம் கையில் தட்டுப்பட்டால் போதும், விசாரணை கிடையாது, உடனே கூச்சல். அந்தக் கூச்சல் ஒருவகை ரசாயனம். அது பரவினால் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும். அதுதான் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் இடுக்கு விட்டுக் கசியும், அதுதான் வீக்கம். அந்த இடுக்கு வழியாக, ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள் நெளிந்து வெளியே வந்து, கிருமிகளை விழுங்கிக் கொல்லும். வந்தவை பெரும்பாலும் திரும்புவதில்லை. அங்கேயே செத்து விழும்.

"செத்ததெல்லாம் எங்க டாக்டர் போகும்?"

"அதைத்தான் நீங்க சீழ்னு பிதுக்கிப் போடுறீங்க."

செதிலக்கா தன் விரலைப் பார்த்தாள். துணியில் துடைத்துத் துடைத்து எறிந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அப்படின்னா இப்ப?"

"இப்ப அந்த வெள்ளை அணுக்கள் உங்க ரத்தத்துல அனேகமா இல்லை. எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அணு செஞ்சு அனுப்புது. இந்த மாத்திரை பல நூறு பேருக்கு நல்லது பண்ணும். எங்கோ ஒருத்தருக்கு மட்டும் அந்த அணுக்களையே இல்லாம ஆக்கிடும். அது யாருக்குன்னு முன்னாடியே எங்களால சொல்ல முடியாது. அதனாலதான் காய்ச்சல் வந்தா ஓடி வாங்கன்னு சொன்னது."

"ஆளே இல்லைன்னா காய்ச்சல் எப்படி வந்துச்சு?"

"காவல் இருக்கிறவங்க இருக்காங்கல்ல. அவங்க கத்தினது மூளை வரைக்கும் கேட்டுது. அது உடம்பைச் சூடாக்கிடுச்சு. கூப்பிட்ட குரலுக்கு வரத்தான் ஆள் இல்லை."

செதிலக்கா கதவுக் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே மருமகள், தரையைத் துடைக்கிறவரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கிருமி மருந்து போட்டுத் துடைத்தாரா இல்லையா என்பதாக இருக்கும்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு டாக்டர், பேர் கேட்காமக் கத்துறது" என்றாள்.

"அவங்க கத்தினதாலதான் நீங்க இங்க இருக்கீங்க" என்றார் டாக்டர். "இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா நான் உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு காத்திருப்பு. மருந்து கிருமியைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மருந்து மட்டும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. மஜ்ஜையைத் தூண்ட ஓர் ஊசி போட்டார்கள். விரல் நுனி கறுத்துக்கொண்டே வந்தது. அறுவை டாக்டர் வந்து பார்த்து, கருப்பு மேலே ஏறினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், ரத்தத்தில் பரவினால் அதுவும் போதாது என்று கண்ணாடிக்கு வெளியே மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் வாய்விட்டுக் கத்தாமல் கேட்ட ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும். செதிலக்கா உள்ளிருந்தே அந்த மௌனத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். தினமும் இல்லை என்றார்கள். விரலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி கிடந்தாள். இத்தனை வருஷம் மீன் சுரண்டியதில் கிழிந்த ஒவ்வொரு கிழிசலுக்கும் யாரோ ஓடி வந்திருக்கிறார்கள். கூலி கேட்டதில்லை, முகம் காட்டியதில்லை. அவள் பங்குக்கு அவர்களைச் சனியன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். "வாங்கப்பா" என்று விரலைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். மருந்துப் பையை மாற்ற வந்த நர்ஸ், "யாரைம்மா கூப்பிடுறீங்க? இங்க யாரும் வரக் கூடாதே" என்றாள்.

ஒருநாள் இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து யாரோ குத்துவது போல வலித்தன. மஜ்ஜை விழித்தாலும் அப்படி வலிக்கும், ஊசிக்கே கூட அப்படி வலிக்கும் என்றார் டாக்டர். நம்பிக்கை கொடுக்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை.

மறுநாள் நன்றாக விடிந்து ஜன்னலில் வெயில் விழுந்த நேரம். செதிலக்கா கண் விழித்ததே விரலால்தான். விண்விண்ணென்று தெறித்தது. நெஞ்சு அடிக்கிற தாளத்திலேயே அதுவும் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். கருப்புப் புள்ளியைச் சுற்றி நல்ல சிவப்பு. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சுட்டது. தக்காளி மாதிரி வீங்கத் தொடங்கியிருந்தது. மணியை அழுத்தினாள்.

"வலிக்குதும்மா!" என்றாள் ஓடி வந்த நர்ஸிடம், வாய் கொள்ளாத சிரிப்போடு.

"வலிக்குதுன்னா எதுக்குச் சிரிக்கிறீங்க?" நர்ஸ் பயந்து போய்க் காய்ச்சல் ஏறிவிட்டதா என்று நெற்றியைத் தொட்டாள்.

"பழுக்குது! போய் டாக்டர்கிட்ட சொல்லு, பழுக்குதுன்னு சொல்லு!"

அது கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகள் காதில் விழுந்தது. அவள் எழுந்து நின்று, "மாமா! பழுத்துடுச்சாம்!" என்று போட்ட சத்தத்தில், தாழ்வாரத்தில் இருந்த நோயாளிகள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். என்ன பழுத்தது, யாருக்குப் பங்கு உண்டு என்று புரியாமல் ஒரு தாத்தா கட்டிலை விட்டே இறங்கிவிட்டார். ஐஸ்காரர் சட்டைப் பையிலிருந்து கைகளை எடுத்துக் கும்பிட்டார். அன்றைய ரத்தப் பரிசோதனை பிற்பாடு வந்து, விரல் முன்பே சொன்னதை ஆமோதித்தது. கொஞ்சம்தான், ஆனால் அணுக்கள் வந்துகொண்டிருந்தன. அடுத்து எடுத்த ரத்தத்தில் இன்னும் அதிகம்.

சீழ் நன்றாகத் திரண்டதும் அறுவை டாக்டர் விரலை மரத்துப்போகச் செய்து, நுனியில் சின்னதாகக் கீறினார். நுனிச் சதை கொஞ்சம் போகும், விரல் நிற்கும் என்றார். மஞ்சளாக வழிந்ததை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தார். எடுத்ததைத் தட்டில் போடப் போனபோது செதிலக்கா, "கொஞ்சம் காட்டுங்க சார்" என்றாள்.

அவர் காட்டினார். ஒரு ஸ்பூன்கூட இருக்காது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். அதே நாற்றம், அதே நிறம். முகம் சுளிக்கவில்லை.

"புண்ணியவான்களா" என்றாள். "நல்லபடியாப் போய்ச் சேருங்க."

அறுவை டாக்டர் பக்கத்தில் நின்ற பெண் டாக்டரைப் பார்த்தார். "தெரிஞ்சவங்கதான். அப்புறம் சொல்றேன்" என்றார் அவர்.

சாயங்காலம் மருமகளை உள்ளே விட்டார்கள். சூப் கொண்டு வந்திருந்தாள். மாமியார் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாள். மாத்திரை நின்றதால் நடுக்கம் மெல்லத் திரும்பியிருந்தது. சூப் விளிம்பைத் தாண்டித் தளும்பியது. தைராய்டுக்கு இனி வேறு வழி பார்க்க வேண்டும், அந்த மாத்திரையை ஜன்மத்துக்கும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தியைத் தொட இன்னும் நாளாகும். நடுங்கட்டும், என்று நினைத்தாள் செதிலக்கா. நடுங்குவதற்குக் கை இருக்கிறது.

மருமகள் கிண்ணத்தைத் திரும்ப வாங்கி, தானே பிடித்துக்கொண்டாள். மாமியாருக்கு அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. இத்தனை வருஷத்தில் பழக்கமில்லாத பேச்சு. எங்கே பிடித்து எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை.

"ஏம்மா" என்றாள். "அன்னிக்கு நீ மட்டும்…"

"சூடா இருக்கு அத்தை! ஊதிக் குடிங்க, ஊதிக் குடிங்க!" என்று கத்தினாள் மருமகள்.

செதிலக்கா சொன்னபடியே ஊதினாள்.